இறங்காத இட்லி

ஆபரேஷன் அன்றைக்கு நான் மயக்கத்தில் கிடந்தேன். அதில் எனக்கு வேலை எதுவும் இல்லை. என் வேலையெல்லாம் அதற்கு முந்தின இரண்டு வாரத்தில்தான். காலையில் புரோட்டீன் மாவு கரைத்த மோர், பதினொரு மணிக்கு வடிகட்டிய ரசம், மத்தியானம் மறுபடியும் மாவு, அந்தியில் காய்கறி வெந்த தண்ணீர். சோறு, தோசை, சீனி, பழச்சாறு எதையும் தொடக் கூடாது. கொழுப்பு படிந்த கல்லீரலின் இடது மடல் இரைப்பை மேல் கவிந்து கிடக்குமாம். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் சிறு துளைகள் வழியாக உள்ளே வேலை பார்க்க முடியும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டு வாரத்திலேயே அது சுருங்கி வழி விடும் என்றார் மதுரை டாக்டர். “சுருக்கிட்டு வரலைன்னா கேமராவை விட்டுப் பார்த்துட்டு, அப்படியே மூடி அனுப்பிருவேன்” என்று சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது.

வீட்டில் சமையல் என் பொறுப்பு. அந்த இரண்டு வாரமும் புளிக்குழம்பும் கூட்டும் உப்புப் பார்க்காமல்தான் இறக்கினேன். என் கணவரைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு “சரியா இருக்கா?” என்று கேட்டால், எதை விட்டாலும் “ம்” என்பார். மகன் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த பிறகுதான் அந்த “ம்”மின் யோக்கியதை தெரிந்தது.

மாமியாரிடம், அத்தையிடம், மறைக்க முடியவில்லை. “என்னம்மா, விரதமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வயிற்றில் ஒரு ஆபரேஷன் என்றதும் குரலைத் தாழ்த்தி, “கர்ப்பப்பையா?” என்றார்கள். எங்கள் பக்கத்தில் நாற்பது தாண்டிய பெண்ணுக்கு வயிற்று ஆபரேஷன் என்றால் அது ஒன்றுதான். இல்லை அத்தை, இரைப்பை, அதில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நல்லா இருக்க வயித்தை எதுக்கும்மா வெட்டணும்?” என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. என் இரைப்பையில் நோய் எதுவும் இல்லை. எண்டாஸ்கோப்பியில் பார்த்துச் சொன்னார்கள், புண் இல்லை, கிருமி இல்லை, சுத்தமாக இருக்கிறது. வீணாய்ப் போயிருந்தது மற்றதெல்லாம்தான். அப்போது எனக்கு 44 வயது, 118 கிலோ, 158 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. கணக்கில் 47. பல வருஷமாகச் சர்க்கரை மாத்திரை. தூக்கத்தில் குறட்டை சட்டென்று நிற்கும், கூடவே மூச்சும் நிற்கும், என் கணவர் தோளைத் தட்டி எழுப்புவார். பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோ. “ஒரு ஆளு, ஒரு ஆளு” என்று கூவிக்கொண்டு வருகிற டிரைவர், கை காட்டுவது நான் என்றதும் “அடுத்த வண்டில வாங்கக்கா” என்று கிளம்பிவிடுவார். நடை, சிறுதானியம், பேலியோ, வெந்தயத் தண்ணீர் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் எடை குறையும், அடுத்த கல்யாண சீசனில் வட்டியோடு திரும்பி வரும்.

இந்த எடை எனக்கு உதவிய இடம் ஒன்றே ஒன்று, இன்சூரன்ஸ். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால் நம் ஊர் டாக்டர்களின் அட்டவணையில் அளவு சற்றுத் தாழ்வாக இருக்கும். பி.எம்.ஐ. 37.5, அல்லது கூட வேறு நோய் இருந்தால் 32.5 என்று போட்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதியோ 40 கேட்கிறது. கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை இப்படி ஏதாவது இருந்தால் 35. டாக்டர் வேண்டும் என்று சொல்லி, இன்சூரன்ஸ் மாட்டேன் என்று சொல்லும் இடைவெளியில் சிக்கியவர்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். இன்னும் ஐந்து கிலோ கூடினால் பணம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார் ஒருவர். எனக்கு 47 என்பதால் ஃபைல் ஒரே நாளில் நகர்ந்தது.

பரிசோதனைகளில் மறக்க முடியாதது ரத்தமும் ஸ்கேனும் அல்ல, மனநல ஆலோசகர். எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். மூன்று வேளை என்றேன். “அது எல்லாரும் சொல்றது. நீங்க எப்போ சாப்பிடுவீங்க?” யோசித்துப் பார்த்தேன். நான் பத்தாம் வகுப்புத் தமிழ் ஆசிரியை. பரீட்சை முடிந்தால் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும். வலது கையில் சிவப்பு மை பேனா, இடது கைப்பக்கம் சாத்தூர் சேவு டப்பா. கட்டு முடியும்போது டப்பாவும் முடிந்திருக்கும். அதில் ஒரு வாய்கூடப் பசிக்குத் தின்றதில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டு, “வயிறை அவங்க சின்னதாக்கிருவாங்க. விடைத்தாள் கட்டை யாராலும் சின்னதாக்க முடியாதே, டீச்சர்” என்றார் அந்தப் பெண்.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு படம் போட்டார். ஒன்று பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைக் குடலில் கீழே கொண்டுபோய் இணைப்பது. மற்றது ஸ்லீவ். வாய் வழியாக விரல் கனத்தில் ஒரு குழாயை இறக்கி, அதையே அளவாக வைத்துக்கொண்டு, ஸ்டேப்ளர் அடித்தபடியே வெளிவளைவை வெட்டி எடுத்துவிடுவது. முக்கால் பங்குக்கு மேல் போய்விடும், மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி இருக்கும் என்றார். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடக் கூடும், எனக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் ஸ்லீவ் என்று முடிவானது. ஸ்லீவ் முதலில் தனி ஆபரேஷனாக வந்ததே இல்லையாம். மிகவும் பருமனானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே தடவையில் செய்தால் ஆபத்து என்று இரண்டு கட்டமாகப் பிரித்ததில் இது முதல் கட்டம். அதிலேயே பலருக்கு எடை நன்றாக இறங்கிவிட, இரண்டாம் கட்டம் தேவைப்படாமலே போயிற்று. வெட்டி எடுக்கிற பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. இந்த இடத்தில்தான் அத்தையின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. டாக்டர் வெட்டப்போவது வயிற்றை மட்டும் அல்ல, பசியையும்.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண் விழித்தபோது வயிற்றைவிட இடது தோள்தான் வலித்தது. வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு செய்யும் வேலை அது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். அன்று மாலையே நர்ஸ் எழுப்பி நடக்க வைத்தார். ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றுத் தோலில் ஊசி. மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்துகளை ஏற்ற வேண்டும், நுரையீரலுக்கான பயிற்சி. குடிக்க, இருமல் மருந்துப் பாட்டிலின் தலையில் கவிழ்த்திருக்குமே, அந்த மூடி. அதில் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரத்தில் உறிஞ்சி முடிக்கச் சொன்னார்கள். செம்பைத் தூக்கிக் கடகடவென்று அண்ணாந்து குடித்தே வளர்ந்தவள் நான். அந்த மூடியைக் காலி பண்ணுவதற்குள் பக்கத்துப் படுக்கைக்காரர் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். காய்ச்சல், குறையாத வலி, நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது, இவற்றில் எது வந்தாலும் போன் பண்ணிக்கொண்டிருக்காமல் நேரே கிளம்பி வர வேண்டும். தையல் வரிசையில் எங்காவது கசிந்தால் முதலில் தெரிவது நாடியில்தானாம். என் கணவர் ஒரு மாதம் காலையும் மாலையும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவ்வளவு நேரம் கையைப் பிடித்ததில்லை.

தெளிந்த நீராகாரம், அப்புறம் கெட்டியான நீராகாரம், அப்புறம் மிக்ஸியில் அடித்தது, அப்புறம் குழைய வெந்தது என்று படிப்படியாக ஏற வேண்டும். நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். எங்களுடையது சைவ வீடு, முட்டை வாசலைத் தாண்டி உள்ளே வராது. ஒரு கிண்ணம் பருப்பில் ஏழெட்டு கிராம் தேறும். நூறு கிராம் பன்னீரில் பதினெட்டு. ஆனால் நூறு கிராம் பன்னீர் உள்ளே போக வேண்டுமே. முதலில் புரதம், பிறகு காய், சோறு கடைசியில் என்று உணவு ஆலோசகர் சொன்னதைக் கேட்ட அத்தை, “சோத்தைக் கடைசில வைக்கதுக்குப் பேரு சாப்பாடா?” என்றார்கள். தமிழ்நாட்டுச் சாப்பாட்டையே தலைகீழாக்குகிற விதி அது. அதோடு, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். தட்டுப் பக்கத்தில் தம்ளர் இல்லாமல் உட்கார்ந்தால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமோ என்று இருக்கும்.

நோயாளிக்கு இட்லி என்பது நம் நாட்டுச் சட்டம். குழைந்த ஆகாரம் தொடங்கிய வாரம் அத்தை எனக்கென்று தனியாக, பஞ்சாக இரண்டு இட்லி அவித்துக் கொண்டுவந்தார்கள். பாதியைப் பிட்டு மென்று விழுங்கினேன். இரண்டாவது வாயில் நெஞ்சுக்குழியில் ஒரு அழுத்தம். கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் வரவில்லை. வாயில் நுரை நுரையாக உமிழ்நீர் ஊறியது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அத்தை முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்கள். கடைசியில் வெள்ளையாக ஒரு உருண்டை வந்து விழுந்தது. மாவுப் பண்டம் அந்தக் குறுகிய குழாயில் உருண்டு கட்டிக்கொள்ளும், பலருக்கும் இப்படித்தான், சில மாதம் இட்லி வேண்டாம் என்று போனில் சொன்னார்கள். அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இட்லியே ஆகாத மருமகளுக்கு வேறு எதைக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது? மறுநாள் ஒரு சொல் பேசாமல் பாசிப்பயறை ஊற வைத்து, வேக வைத்து, தோல் நீக்கி, கடைந்து, சீரகம் மட்டும் தாளித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அது இறங்கியது.

அல்வாவும் இறங்கியது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். திருநெல்வேலிக்காரி வீட்டில் அல்வா இல்லாத மாதம் ஏது? யாரோ கொண்டுவந்த பொட்டலத்தில் ஒரு விள்ளல் எடுத்து நாக்கில் வைத்தேன். மெல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, நெய்யோடு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு விள்ளலும் போனது. பைபாஸ்காரர்களுக்கு இப்படிச் சீனி உள்ளே போனால் பலருக்கும் வியர்த்து, படபடத்து, படுக்க வைத்துவிடும். ஸ்லீவில் அந்தக் காவல் அவ்வளவு கறார் இல்லை. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. இட்லியை நிறுத்துகிற வயிறு அல்வாவுக்கு வழி விடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே பயத்தைக் கொடுத்தது. ஆபரேஷன் செய்த வேலை எதுவரை என்று அன்றைக்குத்தான் அளவு தெரிந்தது.

பசி சுத்தமாகப் போயிருந்தது. பசிக்காமல் சாப்பிடுவது ஒரு வேலை, அதற்குப் போனில் அலாரம் வைத்துக்கொண்டேன். ஆனால் விடைத்தாள் கட்டு வந்த அன்று, பேனாவைத் திறந்ததும், இடது கை தானாக மேசையில் டப்பாவைத் தேடியது. வயிறு கேட்கவில்லை, கைதான் கேட்டது. கொஞ்ச நாள் சுண்டல் வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. பிறகு ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்து திருத்தி முடித்துவிட்டு வீட்டுக்கு வருவது என்று வைத்துக்கொண்டேன். சக ஆசிரியை ஒருவர் எதிரில் இருந்தால் அந்தக் கைக்கு வெட்கம் வந்துவிடும்.

நாலாம் மாதம் தலைமுடி கொட்டத் தொடங்கியது. வேகமாக எடை இறங்கும்போது கொட்டும், பிறகு முளைத்துவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் வாசல் தெளிக்கும்போது முற்றத்தில் கொத்துக் கொத்தாகப் பறப்பதைப் பார்த்தால் எந்த எச்சரிக்கை ஞாபகம் வரும்? கொண்டையில் ஒரு முழம் மல்லிகை நிற்காமல் நழுவியது. பித்தப்பையில் கல் வராமலிருக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை. இரும்புச்சத்து ஒன்று, கால்சியம் ஒன்று, இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். டீயோடு இரும்பு கூடாது. பி12 ஊசி. இவை ஆயுளுக்கும் உண்டு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எடை குறைந்ததும் மதுரைக்கு எதற்கு இனி என்று நின்றுவிடுகிறார்கள். சர்க்கரை மாத்திரை மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே பாதியாகி, அந்த வருஷத்துக்குள் நின்றுபோனது. குறட்டையும் போயிற்று. அது இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று என் கணவர் கொஞ்ச நாள் புலம்பினார்.

ஒரு வருஷத்தில் 79 கிலோ. தெருமுனை டெய்லர் என் ஜாக்கெட்டுகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒருநாள் ஒன்றை உள்பக்கம் திருப்பி, இரண்டு விரல் அகலத்துக்கு மடிந்து கிடந்த தையல்களைக் காட்டி, “அக்கா, இதுக்கு மேல பிடிச்சா கைக்குழி கெட்டுப்போவும். புதுசா துணி எடுத்துருங்க” என்றார். கைத்தோல் தொங்கியது, அதற்கு நீளக் கை வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காத ஒரே மனிதர் அவர்தான்.

மற்றவர்கள் கேட்டார்கள். நம் ஊரில் இளைத்தவளைப் பார்த்து அழகாகிவிட்டாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “என்ன, சுகரா?” என்பார்கள். இன்னும் நெருங்கியவர்கள் கிட்டே வந்து, டாக்டரிடம் காட்டினாயா, கட்டி எதுவும் இல்லையே என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அழுதேவிட்டது, மிஸ் செத்துப்போயிருவாங்களா என்று. மூடி மறைப்பதில் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில், “வயித்துல முக்காவாசியை எடுத்தாச்சு.” உடனே சுருதி மாறும். “அப்போ நீயா குறைக்கலையா?” சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவரைப் பார்த்து நீயாகக் குறைக்கவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. கண்புரைக்கு ஆபரேஷன் செய்தவரைக் குறுக்கு வழியில் பார்க்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. குண்டாக இருப்பது மட்டும் குணக்கேடு, ஆகவே குறைக்கவும் தவம்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

2024 ஏப்ரலில் சென்னையில் இந்த ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தி டிவியில் ஓடியபோது அம்மா போன் பண்ணி அழுதாள். எனக்கு முடிந்து வருஷம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது என்றாலும் அழுகை நிற்கவில்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி ஆகிறது என்று கையெழுத்துப் போடும்போதே எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த வரியை அம்மாவிடம் நான் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. 2025இல் எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கும் வந்ததும் வேறு விதமான துக்கம் விசாரித்தார்கள், “அவசரப்பட்டுட்டியே, இப்போ ஊசி வந்துட்டுதே.” ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது, வந்த புதிதில் விலையும் சின்ன விலையாக இல்லை. ஆனாலும் சிலருக்கு அதுதான் பொருத்தமாக இருக்கும். எனக்கு எது பொருத்தம் என்று பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். பசி இப்போது திரும்பி வந்திருக்கிறது, முன்னைவிடச் சாது. ஐந்து கிலோ ஏறியும் இருக்கிறது.

கல்யாணங்கள்தான் கடைசிவரை சிக்கலாக இருந்தன. இலையில் உட்கார்ந்தால் நாலு வாய்க்கு மேல் முடியாது. மிச்சம் வைத்து மூடினால் வீட்டுக்காரர் மனசு கோணும், பரிமாறுகிறவர் “என்ன, நல்லா இல்லையா?” என்பார். இதற்கு வழி கண்டுபிடித்தது அத்தைதான். “நீ உக்காராண்டாம். பந்தி விசாரி. விசாரிக்கவ சாப்பிட்டாளான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ.” எத்தனை வருஷம் விசாரித்தவர்கள் அவர்கள், எத்தனை பந்தி சாப்பிடாமல் நின்றார்களோ. போன தையில் என் கணவரின் சித்தப்பா மகன் கல்யாணத்தில் மறுவீட்டுச் சொதிக்கு நானே இலை இலையாகப் போனேன். “சும்மா சாப்பிடுங்க, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து” என்று எல்லோரையும் போட்டு வற்புறுத்தினேன். என்னை யாராவது அப்படிச் செய்தால் எனக்குப் பிடிக்காது. அங்கே நின்றால் வாய் அதைத்தான் சொல்கிறது.

மூன்றாம் பந்தியில் மாப்பிள்ளையின் தங்கை என்னை ஆக்குப்புரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். முப்பது வயது, கல்யாணமாகிச் சில வருஷம், பிள்ளை இல்லை, சினைப்பையில் நீர்க்கட்டி, எடை நூறைத் தாண்டிவிட்டது. மதினி, எங்கே பண்ணினீங்க, எவ்வளவு ஆச்சு என்று ஆரம்பித்தாள். டாக்டர் பெயரைக் கேட்பதற்கு முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு வலித்தால் போனை யார் எடுப்பார் என்று கேள் என்றேன். இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படி. குழந்தை விஷயத்தைத் தெளிவாகப் பேசு, எடை குறைந்தால் தானாகவே தங்க வாய்ப்பு உண்டு, ஆனால் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒன்றரை வருஷம் வரை தள்ளிப் போடச் சொல்வார்கள், அதுவரை ஜாக்கிரதை. உன் மாமியாரிடம் நீயே சொல்லிவிடு, அவர்கள் வேறு யார் மூலமாகவும் கேட்கக் கூடாது. எப்போது தின்கிறாய் என்று ஒரு வாரம் எழுதிப் பார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு பந்திப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு, “சொதி சாப்பிடலாமா மதினி?” என்றாள்.

“சாப்பிடலாம். பருப்பும் காயும் முதல்ல. இஞ்சிப் பச்சடி தொட்டுக்கோ. சோறு கடைசில, இடம் இருந்தா.”

“இடம் இருக்குமா?”

“இருக்காது.”

“அப்போ இன்னைக்கு இன்னொரு பந்தி உக்காந்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.